மருமகனுக்கு மூக்கடைப்பு

செல்வகுமாரிக்குப் பொறாமை அதிகம். இதை நான் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை. அவள் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். "ஆமாக்கா, எனக்கு வவுறு எரியுது, இன்னா பண்ணச் சொல்ற?" என்று கேட்டுவிட்டு, தைக்கக் கொண்டுவந்த துணியை மெஷின் மேல் போட்டுவிட்டுப் போவாள். உள்ளே எரிய எரிய வெளியே பல்லைக் காட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இவள் எவ்வளவோ தேவலை.

கரிக்கலாம்பாக்கத்தில் செல்வகுமாரி வீட்டுக்கு எதிர் வீடு எங்களுடையது. முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்காகத்தான் அங்கே போட்டது. ஆனாலும் அந்த வீட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது தானாகக் கண்ணில் படும். தானாகப் படாத அன்று கொஞ்சம் எட்டிப் பார்ப்பேன், அதில் ஒன்றும் குற்றமில்லை.

அவள் பிறந்தது பாகூர்ப் பக்கம். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டதால் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தாள். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் கிடையாது. சோறு போட்டார்கள், பிளஸ் டூ வரைக்கும் படிக்க வைத்தார்கள். ஆனால் மாமன் மகள் போட்டுக் கழித்த பாவாடைதான் இவளுக்கு வரும். மாமன் மகள் எழுதி முடித்த நோட்டில் மீதியிருக்கும் வெள்ளைப் பக்கங்களில்தான் இவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். தீபாவளிக்குக்கூட, மாமன் மகள் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய நிறம் இவளுடையது. பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் ஒரு சுடிதார் வாங்கினாள். அதில் தொங்கிய விலை அட்டையைப் பிய்க்க மனசு வராமல் ரொம்ப நாள் அப்படியே மாட்டி வைத்திருந்தாளாம். எதையும் புது மடிப்போடு தொட்டுப் பார்க்காமல் வளர்ந்த பெண்ணுக்குப் பிறத்தியாரிடம் இருப்பதெல்லாம் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

தமிழ்க்குமரனைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். நெல்லும் கரும்புமாகப் பயிர் வைக்கிற குடும்பம். மாமனார் இல்லை. மாமியார் நாகம்மாள் இருக்கிறாள், கல்யாண வயதில் சிந்து என்று ஒரு நாத்தனார் இருந்தாள். கல்யாணமாகி வருஷக்கணக்கில் செல்வகுமாரிக்குப் பிள்ளை தங்கவில்லை. சுற்றாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. தெருவில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் அன்றைக்கு அவளுக்குத் தலைவலி வந்துவிடும். கடைசியில் ஒருவழியாக அவள் உண்டானாள். அதற்கு முந்தின வருஷம்தான் நரேஷ் என்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்த சிந்துவும் அதே சமயத்தில் உண்டானாள்.

"சாமி எனக்குன்னு எதையாச்சும் தனியா குடுக்குதா பாருக்கா" என்று என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள் செல்வகுமாரி. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்.

தலைப்பிரசவம் என்பதால் சிந்து தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். செல்வகுமாரிக்குப் போகத் தாய்வீடு இல்லை, இங்கேயே இருந்துகொண்டாள். முதலில் இவளுக்கு அரிகரன் பிறந்தான். கொஞ்ச நாள் கழித்துச் சிந்துவுக்கு வெண்ணிலா பிறந்தாள். ஒரே வீட்டில் இரண்டு தூளி. நாகம்மாள் மகளுக்கும் மருமகளுக்கும் சேர்த்தே பூண்டுக் குழம்பு வைத்தாள், சுறாப்புட்டு கிளறினாள். மகளுடைய தட்டில் கொஞ்சம் கூடுதலாக விழுகிறது என்பது செல்வகுமாரியின் கட்சி. நான் போயிருந்தபோது கவனித்தேன், அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நாகம்மாள் மகளிடம் தட்டை நீட்டும்போது "சாப்டுமா" என்கிறாள், மருமகளிடம் நீட்டும்போது ஒன்றும் சொல்வதில்லை. அது எனக்கும் தெரிந்தது.

சிந்து கெட்டவளாக இருந்திருந்தால் செல்வகுமாரிக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. மனசாரத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். சிந்துவோ "அண்ணி, அண்ணி" என்று பின்னாலேயே வருகிற பெண். எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். அவளுக்குப் பால் வேறு பொங்கிப் பொங்கி வந்தது. பால் கொடுக்க வசதியாக இரண்டு பேருடைய நைட்டிக்கும் நான்தான் ஜிப் வைத்துக் கொடுத்தேன். சிந்துவின் நைட்டிகளில் முன்பக்கம் எப்போதும் பால் கறை இருக்கும். செல்வகுமாரியின் நைட்டியில் இருக்காது. அவள் பிள்ளைக்கு வேண்டிய அளவு அவளுக்கும் பால் இருந்தது. ஆனால் அரிகரன் அழும்போது சிந்துவின் நைட்டி நனைகிறதே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"எம் புள்ள அழுதா அவளுக்கு இன்னாத்துக்குக்கா பால் சொரக்குது?" என்று கேட்டாள்.  பச்சைப் பிள்ளை அழுதால் அப்படி ஆகிவிடும், அது யார் பிள்ளையாக இருந்தாலும் சரி என்றேன். அவள் நம்பவில்லை.

இதெல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது. அரிகரன் சிந்துவுக்கு அண்ணன் மகன். அவளுக்குப் பிறந்திருப்பதோ பெண். கட்டிக்கொள்கிற முறை. சிந்து பிரசவ வலி தீர்ந்த மறுநாளே "வாங்க மருமவனே" என்று ஆரம்பித்துவிட்டாள். "மருமவன் முழிச்சிட்டாரா? மருமவன் வெளிக்கி போயிட்டாரா?" என்று வீடே அதிரும்படி கூப்பிடுவாள். சொந்தத்தில் கட்டக் கூடாது என்று டாக்டர்கள் சொல்கிற காலம் இது. இந்தப் பிள்ளைகள் வளர்ந்து யாரை இழுத்துக்கொண்டு வருமோ, அது தனிக் கதை. ஆனாலும் முறை என்று ஒரு பேச்சு இருக்கத்தான் செய்கிறது, எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். செல்வகுமாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கென்று புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. அதன் மேல் இன்னொருத்தி இப்போதே துண்டு போட்டு இடம் பிடிக்கிறாள்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிய ஒரு வாரத்தில் அரிகரனுக்குச் சளி பிடித்தது. முதலில் தும்மினான். அடுத்த நாள் மூச்சு விடும்போது மூக்கு கரகரவென்றது. வாயைக் கொண்டுபோய் மார்பில் வைப்பான், இரண்டு இழுப்பு இழுப்பான், விட்டுவிட்டு வீல் என்று கத்துவான். மறுபடி வைப்பான், மறுபடி தலையைத் திருப்பிக்கொள்வான்.

நாகம்மாளுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. "வெள்ளிக்கெழம தலைக்கு ஊத்திக்கினு ஈர முடியோட புள்ளைக்குப் பால் குடுத்த. குளுந்த பால் உள்ள போனா சளி புடிக்காம இன்னா புடிக்கும்?" என்றாள். செல்வகுமாரி அதை அப்படியே நம்பினாள். தயிரை நிறுத்தினாள், வாழைப்பழத்தை நிறுத்தினாள், தண்ணீரைக்கூடச் சுடச்சுடத்தான் குடித்தாள். சுக்கும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் குடித்து அவள் நாக்குதான் புண்ணானது. பிள்ளை குடிக்கவில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. பிழிந்து, கால் படாத இடமாகப் பார்த்து முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவாள். பிள்ளைக்கென்று சுரந்ததை மரத்துக்கு ஊற்றும்போது எந்தத் தாய்க்கு அழுகை வராது?

அவள் மடியில் கத்திக்கொண்டிருக்கிற பிள்ளையைச் சிந்து வந்து வாங்குவாள், நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டுவாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவான். கண்ணைக்கூட மூடுவான். திரும்பச் செல்வகுமாரி வாங்கி மடியில் படுக்க வைத்து ஜிப்பை இறக்கினால் மறுபடியும் கத்தல்.

அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அவனுக்கு என்னியப் புடிக்கலக்கா. அவகிட்ட போனா அடங்குறான். எங்கிட்ட வந்தா கத்துறான்."

"பச்சப் புள்ளைக்குப் புடிக்கறதும் புடிக்காததும் இன்னாடி தெரியும்? பைத்தியம் மாதிரி பேசாத."

"உனுக்குத் தெரியாது. அவ மேல பால் வாசன வீசுது. எனக்கே வீசுது. அவனுக்கு வீசாதா?"

அவள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மூக்கு அடைத்துக் கிடக்கிற பிள்ளைக்கு என்ன வாசனை தெரியும் என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் நிலைமை மோசமானது. பிள்ளை சோர்ந்துபோய்க் கிடந்தான். கட்டிய துணி ராத்திரியிலிருந்து நனையவே இல்லை. தமிழ்க்குமரன் கரும்பு வெட்டுக்கு ஆள் பார்க்கப் போகிறவன், வாசலில் நின்றபடியே "மதகடிப்பட்டுல மருந்துக் கடையில பால் பவுடர் டப்பா வாங்கியாறேன்" என்றான்.

நாகம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பால் குடுக்கற பொம்பளைங்க ரெண்டு பேர் இருக்கற வூட்ல டப்பா பாலா? ஊர் காறித் துப்பும்" என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரே மார்பில் பால் குடித்த பிள்ளைகள் அண்ணன் தங்கை ஆகிவிடும், அவர்களுக்குள் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது இவர்கள் குடும்பத்தில் கல்லில் எழுதி வைத்த மாதிரி. "சிந்து குடுக்கக் கூடாது. மொற கெட்டுப்பூடும். நான் போயி அய்யனார் கோயில் பூசாரிகிட்ட மந்திரிச்சித் துண்ணூறு வாங்கியாறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மகனும் டப்பா பேச்சை விட்டுவிட்டு ஆள் பார்க்கப் போனான்.

வீட்டில் இரண்டு தாய்மாரும் இரண்டு பிள்ளைகளும்தான். இனி நான் சொல்வது செல்வகுமாரி பிறகு எனக்குச் சொன்னது.

அவள் பிள்ளையை மறுபடி மார்பில் வைத்துப் பார்த்தாள். அவன் கத்தக்கூட இல்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டான்.  எழுந்து சிந்துவின் அறைக்குப் போனாள். தன் வாயால் அதைச் சொல்வதற்கு முன்னால் செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதாம்.

"சிந்து, நீ குடு இவனுக்கு."

சிந்து வெண்ணிலாவைத் தூளியில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி... அம்மா மொற கெட்டுடும்னு சொல்லிச்சே?"

"மொறயா பெருசு? புள்ள ஒண்ணுக்கே போவல. குடுடி."

 சிந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். ஜிப்பை இறக்கும்போதே பால் தானாக ஒழுகியது. செல்வகுமாரி பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தாள். பார்க்கவும் முடியவில்லை, வேறு பக்கம் திரும்பவும் முடியவில்லை. பிள்ளை வாயைத் திறந்தான். கவ்வினான். இழுத்தான்.

"அப்ப எனக்கு எப்படி இருந்திச்சி தெரியுமாக்கா? குடிச்சிடணும்னும் இருந்திச்சி. குடிச்சிடக் கூடாதுன்னும் இருந்திச்சி. குடிச்சிட்டா நான் எங்கயாவது போயிடலாம்னு இருந்திச்சி" என்றாள் என்னிடம்.

இரண்டு இழுப்புதான். வாயை எடுத்துவிட்டு வீல் என்று கத்தினான். கடைவாயில் பால் வழிந்தது. செல்வகுமாரி குனிந்து தன் நைட்டி ஓரத்தால் அதைத் துடைத்துவிட்டாள். சிந்து மறுபடி வைத்தாள். தலையைத் திருப்பிக்கொண்டான். இன்னொரு தடவை வைத்தாள். காலை உதைத்துக்கொண்டு அழுதான்.

செல்வகுமாரிக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. பசியோடு பிள்ளை கத்துகிறான், பெற்றவளுக்குச் சந்தோஷம்! அவளே சொன்னாள், ஒளிக்கவில்லை. "இவகிட்டயும் குடிக்கல இவன், எனக்கு மட்டும்னு இல்லன்னு தோணிச்சி. கைதட்டலாம்போல இருந்திச்சிக்கா." அந்தச் சந்தோஷத்தில்தான் அவளுக்கு அத்தனை நாளாக ஓடாத மூளை ஓடியது. தலைக்குக் குளித்தவள் இவள். சிந்து குளிக்கவில்லை. அவள் பாலையும் பிள்ளை விடுகிறான் என்றால் குற்றம் பாலில் இல்லை. அப்படியென்றால் பிள்ளைக்குத்தான் வேறு என்னவோ.

"ஏந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றாள்.

சிந்து ஸ்கூட்டியை வெளியே எடுத்தாள். தூங்கிக்கொண்டிருந்த வெண்ணிலாவைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டு, "அழுதா தோள்ல போட்டுக்கோங்கக்கா, வந்துடறோம்" என்றாள். செல்வகுமாரி பிள்ளையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். தூறலில் இரண்டு பேரும் போனார்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். நெஞ்சில் ஒன்றும் இல்லை, வெறும் சளிதான் என்று சொல்லிவிட்டு நர்ஸ் லில்லியிடம் அனுப்பினார். லில்லி பிள்ளையைப் படுக்கவைத்து மூக்கில் உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து விட்டாள். கொஞ்சம் பொறுத்து, ரப்பர் குமிழ் ஒன்றை வைத்து உறிஞ்சினாள். வந்ததைப் பார்த்துச் சிந்து முகத்தைச் சுளித்தாள்.

"வாயில பால் இருந்தா புள்ள மூக்காலதான மூச்சு விடணும்? மூக்கு அடைச்சிக்கினு இருந்தா எப்படிம்மா குடிப்பான்? மூச்சு முட்டுது, அதான் வுட்டுட்டுக் கத்துறான். படுக்க வச்சா இன்னும் அடைக்கும். நிமித்திப் புடிச்சிக் குடு" என்றாள் லில்லி.

 சிந்துவின் தோளில் பிள்ளை ஏன் அடங்கினான் என்பது செல்வகுமாரிக்கு அப்போது புரிந்துபோயிற்று. அத்தனை நாள் எரிந்த வயிற்றை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

லில்லி சொன்னபடி பிள்ளையை நிமிர்த்தி, தன் தொடைமேல் உட்கார வைத்த மாதிரி பிடித்துக்கொண்டு கொடுத்தாள். அவன் கவ்வினான். இழுத்தான். விடுவான் என்று எதிர்பார்த்து அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடவில்லை. தொண்டையில் மடக் மடக் என்று சத்தம் கேட்டது. கட்டிக் கிடந்த பால் இறங்க இறங்க அவளுக்கு வலித்தது, அந்த வலியோடேயே அழுதாள். சிந்துவும் அழுதாள். "கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடு. அப்பவும் குடிக்கலன்னா பிழிஞ்சி பாலாடைச் சங்குல ஊத்து. மூக்குல எண்ண கிண்ண வுட்டுறாதீங்க" என்று லில்லி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

அவர்கள் திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. வெண்ணிலா என் வீட்டில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போய்த் திரும்பிய நாகம்மாளும் வீட்டில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்து, கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். சிந்து வந்ததும் வராததுமாக மகளை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். செல்வகுமாரி தன் பிள்ளையோடு எதிரில் உட்கார்ந்தாள். அவனும் மறுபடி குடிக்க ஆரம்பித்தான். நாகம்மாள் இரண்டு பிள்ளைகளின் நெற்றியிலும் திருநீறு பூசிவிட்டு, தான் வேண்டிக்கொண்டதால்தான் எல்லாம் சரியானது என்றாள். யாரும் மறுக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கும். சிந்துவுக்கு வாய் சும்மா இருக்காது. "ரொம்ப பயந்துட்டோம்மா. நான்கூட குடுத்துப் பார்த்தேன்" என்றாள்.

நாகம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இன்னாடி பண்ணித் தொலைச்சீங்க? நான் அவ்ளோ சொல்லிட்டுப் போனனே! குட்ச்சானா?"

 சிந்து அண்ணியைப் பார்த்தாள். எப்போதும் இருக்கிற சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. பிள்ளை விழுங்கினானா, இல்லையா, அது அவளுக்கே தெரியாது. கடைவாயைத் துடைத்தவள் செல்வகுமாரிதான். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் இனிமேல் உண்மை.

நான் தையலை நிறுத்திவிட்டேன்.

குடித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றோடு முறை போயிற்று. மருமகன் என்கிற பேச்சு அந்த வீட்டில் எழாது. பிள்ளை முழுசாக அவளுடையவன், எவளும் பங்கு கேட்டு வர முடியாது. இத்தனை மாதமாக அவள் கும்பிடாத சாமியிடமெல்லாம் கேட்டது இதைத்தான். எனக்குத் தெரிந்த செல்வகுமாரி கட்டாயம் அதைத்தான் சொல்வாள் என்று நினைத்தேன்.

"கேக்குறேன் இல்ல? இவகிட்ட குட்ச்சானா எம் பேரன்?" என்றாள் நாகம்மாள்.

'இவகிட்ட குட்ச்சானா' என்று கேட்டதும் செல்வகுமாரிக்கு முகம் சிவந்துவிட்டது. என் பிள்ளை, என்னிடம் குடிக்காதவன், போயும் போயும் இவளிடம் குடித்தான் என்று அவள் வாயாலேயே சொல்வதா? அதுவும் எதிர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு?

"எம் புள்ள எதுக்கு அவகிட்ட குடிக்கறான்?" என்று சீறினாள். "ஒரு சொட்டு உள்ள போவல. வாய் வச்சான், துப்பிட்டான். எங்கிட்ட தவிர வேற யார்கிட்டயும் குடிக்க மாட்டான் அவன்!"

நாகம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிந்து பெரிதாக மூச்சு விட்டாள். பிறகு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, தன் மகளை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி எட்டி அரிகரனின் பாதத்தைத் தொட்டாள்.

"கேட்டியாடி வெண்ணிலா? உங்க அத்தயே சொல்லிட்டாங்க. மாப்ள உனுக்குத்தான்."

செல்வகுமாரி திடுக்கிட்டு அவளைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டுமானால் அவன் குடித்தான் என்று சொல்ல வேண்டும். திறந்த வாயை மூடிக்கொண்டு, பிள்ளையின் காலை நைட்டிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.